கல்லுக்கு ஒரு விலாசம்

இமயமலையில், ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கின் மேல்விளிம்பில், ஹிக்கிம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,400 மீட்டர் உயரம். 1983-ல் அந்த ஊருக்கு ஒரு தபாலாபீஸ் வந்தது. உலகத்திலேயே மிக உயரமான தபாலாபீஸ்களில் அதுவும் ஒன்று என்று பெயர். கோடை காலத்தில் அங்கே போகிற உல்லாசப் பிரயாணிகள் மூச்சு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்று, ஒரு கார்டில் தங்கள் சொந்த விலாசத்தையே எழுதி, தங்களுக்குத் தாங்களே தபாலில் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

அங்கிருந்து சில மைல் தள்ளி லாங்ஸா என்று இன்னொரு சிற்றூர். அங்கே வேறு ஒரு வியாபாரம் நடக்கிறது. ஊருக்கு மேலே உள்ள கறுப்பு மண் சரிவுகளில் பொறுக்கிய உருண்டைக் கற்களை, உடைத்தும் உடைக்காமலும், சிறு பிள்ளைகள் வண்டிகளின் அருகே கொண்டுவந்து நீட்டுகிறார்கள். உடைத்த கல்லுக்குள்ளே ஆட்டுக் கொம்பு சுருண்டதுபோல் ஒரு சங்கு படிந்திருக்கிறது. கார்டு எழுதிய அதே பிரயாணிகள் அந்தக் கல்லையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். கார்டு விலாசத்தோடு போகிறது. கல் விலாசமில்லாமல் போகிறது.

கல்லுக்கு எதற்கு விலாசம் என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் அந்தக் கல் எப்படி அங்கே வந்தது என்ற கதையையும், அதைத் தேடி வந்தவர்களின் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஸ்பிட்டி என்றால் நடுநாடு என்று பொருள் சொல்கிறார்கள். திபெத்துக்கும் இந்தியாவுக்கும் நடுவில் கிடக்கும் நாடு. மழை மேகங்களைத் தெற்கேயுள்ள மலைத்தொடரே தடுத்து நிறுத்திவிடுவதால் அங்கே மழை அபூர்வம். மரம் அதனினும் அபூர்வம். பனி உருகி ஓடும் ஓடைகளை நம்பி வாற்கோதுமையும் பட்டாணியும் பயிர் செய்கிறார்கள். முன்பு லடாக் ராஜ்யத்தோடு சேர்ந்திருந்த இந்தப் பள்ளத்தாக்கு 1846-ல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஆனால் ஆங்கிலேயர் அங்கே போய்க் கச்சேரி நடத்தவில்லை. நோனோ என்ற பரம்பரை அதிகாரி ஒருவரே வரி வசூலித்து, வழக்குத் தீர்த்து, நாட்டை நடத்தினார். 1960-ல் லாஹுல்-ஸ்பிட்டி என்று தனி ஜில்லா ஆயிற்று. 1966-ல் பஞ்சாபிலிருந்து பிரிந்து இமாசலப் பிரதேசத்தோடு சேர்ந்தது. சீன எல்லை அருகில் இருப்பதால் வெளிநாட்டுப் பிரயாணிகளுக்கு 1992 வரையில் கதவு அடைத்தே இருந்தது. சுமார் 13,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த ஜில்லா முழுவதிலும் 2011 ஜனக் கணக்கின்படி 31,564 பேர்தான் இருந்தார்கள். நம் ஊரில் ஒரு சின்னப் பட்டணத்தின் ஜனத்தொகை அது.

இவ்வளவு தூரத்தில் ஒதுங்கிக் கிடந்த பள்ளத்தாக்கின் பெயர், அங்கே உல்லாசப் பிரயாணி காலடி வைப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கல்கத்தாவிலும் வியன்னாவிலும் அடிபட்டது. காரணம் அந்தச் சுருண்ட சங்குதான்.

அதற்கு அம்மோனைட் என்று பெயர். உள்ளே இருந்த பிராணி கணவாய் மீனுக்கும் நாட்டிலஸ் என்ற நத்தைபோன்ற கடற் பிராணிக்கும் உறவு. அது வளர வளர, சங்கில் புதிது புதிதாக அறைகள் கட்டிக்கொண்டு, கடைசி அறையில் குடியிருக்கும். காலியான பின்னறைகள் அதை நீரில் மிதக்க வைக்கும். சுமார் 15 கோடி வருஷங்களுக்கு முன் அவை செத்து, காற்றோட்டமில்லாத கடலடிச் சேற்றில் புதைந்தன. சேற்றிலிருந்த சுண்ணாம்பு சங்கைச் சுற்றி உருண்டையாக இறுகிற்று. சேறு கறுத்த களிப்பாறையாயிற்று. பிறகு, சுமார் 5 கோடி வருஷங்களுக்கு முன், தெற்கிலிருந்து நகர்ந்து வந்த இந்திய நிலம் ஆசியாவோடு மோதத் தொடங்கியதில் அந்தக் கடலடி மடிந்து, நொறுங்கி, உயர்ந்து, இமயமலையாயிற்று. மறைந்துபோன அந்தச் சமுத்திரத்துக்கு டெத்திஸ் என்று பெயர் வைத்தவர் வியன்னா நகரத்து எட்வர்ட் ஸூயஸ் என்ற பேராசிரியர், அது 1893-ல். கிரேக்கப் புராணத்தில் சமுத்திர ராஜனுடைய மனைவியின் பெயர் அது.

ஸ்பிட்டியின் கல்லை வெளி உலகத்துக்கு முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஜெரார்டு என்ற ஸ்காட்லாந்து டாக்டர். அவர் எழுதிய ஸ்பிட்டி வர்ணனை 1833-ல் கல்கத்தா ஏஷியாடிக் சொஸைட்டியின் வெளியீட்டில் அச்சாயிற்று. ஆனால் அந்தக் கற்களைப் பேச வைத்தவர் அவருக்கு ஒரு தலைமுறை பின்னால் வந்தவர்.

பெர்டினாண்டு ஸ்டோலிச்கா 1838-ல் மொராவியாவில் பிறந்தவர். அது அன்று ஆஸ்திரிய சாம்ராஜ்யம். இன்று செக் நாடு. வியன்னாவில் படித்தார். டெத்திஸுக்குப் பெயரிட்ட ஸூயஸ் அவருடைய ஆசிரியர்களில் ஒருவர். 1862-ல், இருபத்து நான்கு வயதில், இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் உத்தியோகம் ஏற்றுக் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

அவருக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? நம் திருச்சி, அரியலூர்ப் பக்கத்துக் கற்களை ஆராய்வது. அரியலூரும் ஒரு காலத்தில் கடலடியில் இருந்த பூமி. அங்கேயும் அம்மோனைட்டுகள் உண்டு. பிளான்போர்டு என்ற இலாகா அதிகாரி அந்த வட்டாரத்தின் பாறைகளை மூன்று வகையாகப் பிரித்து, அவற்றுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்றே பெயரிட்டிருந்தார். அங்கே கிடைத்த உயிரினங்களை வகைவகையாக வர்ணித்துப் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதி முடித்தவர் ஸ்டோலிச்கா. இன்றைக்கும் உலகத்தின் எந்த மூலையில் அந்தக் காலத்து அம்மோனைட்டைப் பற்றி எழுதுகிறவரும் அந்தத் தொகுதிகளைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

இந்த வேலைக்கு இடையில், 1864-லும் 1865-லும் கோடை மாதங்களில் ஸ்டோலிச்கா ஸ்பிட்டிக்குப் போனார். ரயிலோ ரஸ்தாவோ இல்லாத காலம். சட்லெஜ் நதியின் பள்ளத்தாக்கு வழியே ஏறி, கணவாய்களைக் கடந்து, சிந்து நதிப் பக்கம் வரையில் நடந்தார். தம் வழியில் குறுக்கிட்ட பாறை அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிக்கொண்டே போனார். எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு, எதில் என்ன சங்கு, எந்த ஊருக்கு எதிரே என்பதுதான் அவருடைய நோட்டுப் புத்தகம். ஊட்டத்தூருக்கும் அரியலூருக்கும் கிடைத்த கௌரவம் ஸ்பிட்டியின் குக்கிராமங்களுக்கும் கிடைத்தது. மூத் என்ற ஊருக்கு எதிரே வெள்ளை வெளேரென்று நிற்கும் பாறைக்கு மூத் என்றும், லிலாங் ஊர்ப் பாறைக்கு லிலாங் என்றும் பெயரிட்டார். அம்மோனைட் கிடைக்கும் கறுப்புக் களிப்பாறைக்குப் பள்ளத்தாக்கின் பெயரையே கொடுத்தார். அந்தப் பெயர்கள் இன்றும் உலக விஞ்ஞானத்தில் வழங்குகின்றன.

பாறைக்கு ராஜாவின் பெயரையோ வைஸ்ராயின் பெயரையோ வைக்காமல் ஊரின் பெயரை வைப்பது பூகர்ப்ப சாஸ்திரத்தில் ஒரு நல்ல சம்பிரதாயம். அதில் வெறும் மரியாதை மட்டும் இல்லை. சந்தேகம் வந்தால் எவரும் அந்த ஊருக்குப் போய், அந்தப் பாறையைத் தாமே பார்த்துச் சரிபார்க்கலாம். பெயரே விலாசமாக இருக்கிறது.

ஸ்டோலிச்காவின் முடிவு துயரமானது. 1873-ல் சர்க்கார் மத்திய ஆசியாவில் யார்க்கந்துக்கு ஒரு தூது கோஷ்டியை அனுப்பியபோது அவரும் கூடப் போனார். திரும்பும் வழியில் காரகோரம் கணவாயைக் கடந்த பிறகு நோயுற்று, 1874 ஜூன் 19-ந் தேதி, லடாக்கில் மூர்கோ என்ற இடத்தில் இறந்தார். வயது முப்பத்தாறு. லே நகரத்தில் அவரை அடக்கம் செய்து, சர்க்கார் ஒரு நினைவுச் சின்னமும் எழுப்பியது. உயரத்தில் பிராணவாயு குறைவதால் வரும் நோய்தான் அவரைக் கொன்றிருக்க வேண்டும் என்று இன்று கருதுகிறார்கள்.

அவருக்குப் பிறகும் வேலை நிற்கவில்லை. ஹேடன் என்பவர் ஸ்பிட்டியை மறுபடி அளந்து 1904-ல் ஒரு நூல் எழுதினார். மலையையே வாழ்க்கையாகக் கொண்ட அந்த மனிதரும் 1923-ல் சுவிட்சர்லாந்து மலையொன்றில் விபத்தில் இறந்தார். ஸ்பிட்டியின் கறுப்புப் பாறைச் சங்குகளை வகைப்படுத்தும் பொறுப்பு விக்டர் ஊலிக் என்ற ஆஸ்திரியரிடம் போயிற்று. 1903 முதல் 1910 வரையில் அவர் எழுதியது வெளிவந்தது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. துரைமார்கள் பெட்டி பெட்டியாகக் கட்டி எடுத்துப் போனால் அது விஞ்ஞானம். லாங்ஸாவின் பையன் ஒரு கல்லை ஐம்பது ரூபாய்க்கு விற்றால் மட்டும் குற்றமா? தன் வீட்டுக்குப் பின்னாலுள்ள மலையில் அவனுக்கு இல்லாத உரிமை மொராவியாக்காரருக்கு எப்படி வந்தது? அவரைச் சுமந்த குதிரைக்காரர்களின் பெயரும் கூலியாட்களின் பெயரும் எந்தப் பாறைக்கும் வைக்கப்படவில்லையே?

கேள்வி நியாயம்தான். உரிமை என்று பார்த்தால் பையனுடைய கட்சிதான் ஜெயிக்கும். ஆகையால் உரிமையை ஒரு புறம் வைத்துவிட்டு, கல்லுக்கு என்ன நேர்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகா சேர்த்த கற்கள் கல்கத்தாவில் எண் போட்டு, ஊர்ப் பெயர் எழுதி வைக்கப்பட்டன. ஒரு கல் ஒரு வாக்கியம் என்று வைத்துக்கொண்டால், விலாசம்தான் அது எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்து வாக்கியம் என்று சொல்கிறது. ஸ்பிட்டியில் ஒரு மெல்லிய துருநிற அடுக்கு இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு யுகம். மேலே ஒரு யுகம். இடையில், சுமார் 25 கோடி வருஷங்களுக்கு முன், கடலில் வாழ்ந்த உயிரினங்களில் பெரும்பகுதி அழிந்துபோன பெரும் பிரளயத்தின் எல்லைக்கோடு அது. ஒரு சங்கு அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே கிடைத்ததா, ஒரு சாண் மேலே கிடைத்ததா என்பதைப் பொறுத்து, அழிந்த கூட்டத்தைச் சேர்ந்ததா, தப்பிய கூட்டத்தைச் சேர்ந்ததா என்பது தீர்மானமாகிறது. கையில் எடுத்தபின் இரண்டும் ஒரே மாதிரி கல்தான்.

ஸ்டோலிச்காவின் அதே மூத் கிராமத்தை, இப்போது மட் என்று எழுதுகிறார்கள், உலகத்தின் காலக் கணக்கில் ஒரு பிரிவு தொடங்கும் இடத்துக்கு அளவுகோலாக வைக்கலாம் என்று 2007-ல் விஞ்ஞானிகள் சிபாரிசு செய்தார்கள். இந்தக் கௌரவத்துக்கு ஓர் ஊரைப் பரிசீலிப்பதற்கே காரணம் அங்கே அடுக்குகள் கலையாமல், சங்குகள் தத்தம் இடத்தில் கிடப்பதுதான்.

விலாசம் பொய்த்துப்போனால் என்ன ஆகும் என்பதற்கும் இமயமலையிலேயே உதாரணம் இருக்கிறது. வட இந்தியப் பல்கலைக் கழகம் ஒன்றின் பேராசிரியர் சுமார் இருபத்தைந்து வருஷ காலம், இமயமலையில் இங்கே கண்டேன், அங்கே கண்டேன் என்று நூற்றுக்கணக்கான கட்டுரைகளை வெளியிட்டு வந்தார். 1989-ல் ஜான் டாலண்ட் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி ‘நேச்சர்’ பத்திரிகையில் அந்தக் கட்டுக்கதையை வெளிப்படுத்தினார். இமயமலையில் எடுத்ததாகச் சொன்ன சில கற்கள், ஆப்பிரிக்காவில் மொராக்கோ நாட்டுக் கல் வியாபாரிகள் விற்கும் கற்களோடு அச்சாக ஒத்திருந்தன. கற்கள் உண்மையானவை, விலாசம்தான் பொய். அந்தக் கட்டுரைகளை நம்பி மேற்கொண்டு கட்டியவர்களின் வேலையும் சேர்ந்து சரிந்தது. பொய் விலாசம் எழுதிய பேராசிரியரை உலகம் கண்டித்தது, சரி. விலாசத்தையே அழித்துவிடுகிற நம்மை யார் கண்டிப்பது?

நான் லாங்ஸாவுக்குப் போனது ஒரு செப்டம்பர் மாதத்தில். வண்டி நின்றதும் பத்து வயசுப் பையன் ஒருவன் ஓடி வந்தான். கன்னங்கள் குளிரில் வெடித்துச் சிவந்திருந்தன. உள்ளங்கையில் பாதியாகப் பிளந்த உருண்டை.

“ஐம்பது ரூபாய், அங்கிள்.”

“இதை எங்கே எடுத்தாய் தம்பி?” என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன்.

அவன் திரும்பி ஊருக்கு மேலே கையைக் காட்டினான். “அந்த ஓடைக்கு அப்புறம். கறுப்பு மண் சரிவு. பனி கரைந்த பிறகு வெளியே தலை நீட்டும். கீழே கிடப்பது நன்றாக இராது. மேலே வெள்ளைக் கோடு ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே எடுத்தால்தான் உள்ளே சங்கு இருக்கும்.”

நான் அசந்து போனேன். ஸ்டோலிச்கா நோட்டில் எழுதியதும் இதே மாதிரி விஷயம்தான்: எந்தச் சரிவு, எந்த அடுக்கு, எதற்குக் கீழே. இந்தப் பையன் அதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, காலால் படித்திருக்கிறான்.

“கல் வேண்டாம். அந்த இடத்தைக் காட்டு. அதே ஐம்பது ரூபாய் தருகிறேன்” என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு நடந்தான். அவன் பத்து எட்டு வைப்பதற்குள் நான் இரண்டு முறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. சரிவில் இரண்டு உருண்டைகள் பாதி புதைந்து கிடந்தன. அவற்றின் நடுவே உட்கார்ந்துகொண்டு, ஒரு காலத்தில் எனக்கு மேலே எத்தனை நீர் இருந்திருக்கும் என்று அண்ணாந்து பார்த்தேன். மேலே அந்த ஊருக்கே உரிய கருநீல வானம் இருந்தது.

இறங்கும்போது பணத்தைக் கொடுத்தேன். அவன் எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கையிலிருந்த பிளந்த கல்லைக் காட்டி, “அப்படியானால் இதை நாளைக்கு வேறு யாரிடமாவது விற்றுவிடுவேன்” என்று சொல்லிச் சிரித்தான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. பனி காலத்தில் மாதக்கணக்காக அடைந்து கிடக்கும் ஊர். கோடையில் கிடைக்கிற காசு ஒவ்வொன்றுக்கும் அங்கே வேலை இருக்கிறது. குன்சும் கணவாய் சுமார் 4,550 மீட்டர் உயரம். மணாலிப் பக்கத்து வழி கோடை கழிந்ததும் பனியால் மூடிவிடும். 2020 அக்டோபரில் ரோஹ்தாங் கணவாய்க்கு அடியில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப் பாதை திறந்த பிறகு மணாலியிலிருந்து வருகிறவர்களுக்குப் பாதி கஷ்டம் தீர்ந்தது. கூட்டம் பெருகுகிறது. மலைக்கு மேலே ஒவ்வொரு பனியும் புதிதாகச் சில கற்களை வெளியே தள்ளலாம். அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு கல் தள்ள முடியாது. பிரயாணி வீட்டில் அந்தக் கல் சில நாள் அலமாரியில் இருக்கும். யாராவது கேட்டால், “மலையிலே வாங்கினது” என்பார்கள். வீடு மாற்றும்போது காகிதக் கட்டுகளோடு எங்கேயோ போய்விடும். 15 கோடி வருஷம் பத்திரமாக இருந்த ஒரு வாக்கியம் அதோடு முடிந்தது.

பூகர்ப்பச் சின்னங்களைக் காப்பாற்றுவதற்கென்று 2022 டிசம்பரில் மத்திய சர்க்கார் ஒரு மசோதாவின் நகலை வெளியிட்டது. சட்டம் அவசியம்தான். ஆனால் 4,400 மீட்டர் உயரத்தில், பத்து வயசுப் பையனின் உள்ளங்கையை எந்தப் போலீஸ்காரர் போய்ச் சோதனை போடுவார்? போட்டால்தான் அது நன்றாக இருக்குமா? அவனுடைய வறுமைக்குத் தண்டனை போடுகிற சட்டம் கல்லைக் காப்பாற்றாது, அவனையும் காப்பாற்றாது.

நம்மவர்களுக்கு இந்தக் கல் ஒன்றும் புதிதல்ல. நேபாளத்தில் கண்டகி நதி அரித்துக் கொண்டுவரும் சாளக்கிராமங்களில் பெரும்பாலானவை இந்த ஸ்பிட்டிக் கறுப்புப் பாறையைச் சேர்ந்த அம்மோனைட்டுகளே. அந்தச் சாளக்கிராமத் தலத்தைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். நூற்றெட்டுத் திருப்பதிகளில் அதுவும் ஒன்று. எத்தனையோ தமிழர் வீடுகளில் சின்னஞ்சிறு பெட்டியில் துளசியோடு வைத்துத் தினந்தோறும் திருமஞ்சனம் செய்து, தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்துகொண்டிருக்கிறது. சாளக்கிராமத்துக்கு விலை பேசக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பக்தி உள்ளவர் அதில் சங்கு சக்கரத்தைக் காண்கிறார். விஞ்ஞானி செத்துப்போன சமுத்திரத்தைக் காண்கிறார். ஆனால் இருவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: அது எங்கிருந்து வந்தது என்பதை இருவருமே மறப்பதில்லை. கண்டகி என்ற பெயர் கல்லோடு கூடவே வந்துகொண்டிருக்கிறது. ஐம்பது ரூபாய் கொடுத்துக் கல்லை வாங்கி ஊர்ப் பெயரை மறந்துவிடுகிற மூன்றாவது ஆசாமியைத்தான் எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மலைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. போக வேண்டும். போகிறவர்கள் கல்லுக்குக் கொடுக்கும் காசைக் கல் இருக்கும் இடத்தைக் காட்டுகிறவனுக்குக் கொடுத்தால் போதும். ஒருவர் கொடுத்தால் அவன் சிரிப்பான். நூறு பேர் கொடுத்தால் அதுவே அவன் தொழிலாகிவிடும். விற்ற கல் ஒரே ஒரு தடவைதான் காசு தரும். காட்டுகிற கல் வருஷா வருஷம் தரும் என்று கணக்குப் பார்க்க அவனுக்கு வெகு நேரம் ஆகாது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓர் அலமாரியும், எந்தச் சரிவில் எந்தக் கோட்டுக்குக் கீழே எடுத்தது என்று எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால், வியன்னாவிலும் கல்கத்தாவிலும் நடந்த வேலையின் மிச்சம் லாங்ஸாவிலேயே நடக்கும்.

நம் அரியலூரிலோ சுண்ணாம்புக் கல்லோடு சங்குகளும் சேர்ந்து அரைபட்டுச் சிமெண்டு மூட்டையாகிப் போகின்றன. அங்கே வழி காட்டுவதற்குச் சரிவு தெரிந்த பையன் ஒருவனும் எஞ்சவில்லையென்றால், ஸ்டோலிச்காவின் தொகுதிகளில் ஊட்டத்தூர் என்ற பெயரைப் பார்த்துத்தான் அங்கே ஒரு சமுத்திரம் இருந்தது என்று நம் பேரப்பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். லாங்ஸாவில் இன்னும் அந்தப் பையன் இருக்கிறான். அந்தக் கல்லின் விலாசம் தெரிந்த கடைசி மனிதன் அவன்தான். அவனிடம் கல்லை வாங்காமல், விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.